தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச்சுக்கு முதல் தடவ போறீங்களா? அவசரமில்லாம பாத்துட்டு வர ஒரு வழிகாட்டி

தனுஷ்கோடி போயிட்டு வந்தவங்ககிட்ட அந்த இடிஞ்ச சர்ச் பத்தி கேட்டா பாதிப் பேர் சொல்ற பதில் ஒண்ணுதான், "ஆமா, வழியில வண்டி நிறுத்துனாங்க, ரெண்டு போட்டோ எடுத்தோம், அப்புறம் ரோடு முடியுற அரிச்சல்முனைக்குப் போயிட்டோம்". நானும் முதல் தடவ அப்படித்தான் பாத்துட்டு வந்தேன். 2011ல, அப்ப இந்த தார் ரோடெல்லாம் கிடையாது, முகுந்தராயர் சத்திரத்துல இருந்து மீன் ஏத்துற வேன்ல மணல்ல குலுங்கிக் குலுங்கித்தான் போகணும், டிரைவர் இருபது நிமிஷம்னு சொல்லி இறக்கிவிட்டாரு, பதினஞ்சாவது நிமிஷத்துலயே ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. அதுக்கப்புறம் நாலஞ்சு தடவ போயிருக்கேன், ஒரு தடவ காலையில ஆறரை மணியில இருந்து ஒன்பதரை வரைக்கும் அந்த சுவர்களுக்குள்ளயே இருந்தேன். அன்னைக்குத்தான் அந்த இடம் என்னன்னு கொஞ்சம் புரிஞ்சுது. புதுசா போறவங்க முதல் தடவயே அப்படிப் பாத்துட்டு வரணும்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல, போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

கதை தெரியாம போனா அங்க இருக்கிறது கூரை இல்லாத நாலு சுவர்தான். தெரிஞ்சுட்டுப் போனா வேற மாதிரி. அதனால ட்ரெயின்ல போகும்போதாவது இத ஒரு தடவ படிச்சுக்கோங்க.

பாம்பன் ரயில் பாலம் 1914ல திறந்தாங்க. அதுக்கப்புறம் மெட்ராஸ் எழும்பூர்ல டிக்கெட் எடுத்தா தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்க இறங்கி கப்பல் ஏறினா தலைமன்னார், அங்க இருந்து மறுபடி ரயில்ல கொழும்பு. இதத்தான் போட் மெயில்னு சொன்னாங்க, இன்னைக்கும் சென்னை ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ பழைய ஆளுங்க போட் மெயில்னுதான் சொல்லுவாங்க. கடல்ல ஓடுன தூரம் ரொம்பக் கம்மி, அரிச்சல்முனையில இருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்ளதான். அப்போ தனுஷ்கோடி ஒரு துறைமுக ஊரு. ரயில்வே ஸ்டேஷன், கஸ்டம்ஸ் ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில்வே குவார்ட்டர்ஸ், கடைத்தெரு எல்லாம் இருந்துச்சு. கூலிக்காரங்க, கிளார்க்குங்க, மீனவங்க, வியாபாரிங்கன்னு கலந்து வாழ்ந்த ஊரு. அந்த ஊர்ல கிறிஸ்தவங்க ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போன கோயில்தான் இந்த சர்ச்.

1964 டிசம்பர் 22 ராத்திரி. அந்தமான் பக்கத்துல உருவான புயல் இலங்கையக் கடந்து நேரா இங்க வந்துச்சு. காத்து மணிக்கு 280 கிலோமீட்டர் வரைக்கும் இருந்திருக்கும்னு மதிப்பிட்டிருக்காங்க, அலை ஏழு மீட்டர். ஏழு மீட்டர்னா ரெண்டு மாடி வீட்டு உயரம், தனுஷ்கோடி மணல்திட்டுல அவ்வளவு உயரமா ஒதுங்க எந்த மேடும் இல்ல. பாம்பன்ல இருந்து வந்த 653ஆம் நம்பர் பாசஞ்சர், தனுஷ்கோடி ஸ்டேஷனுக்கு இன்னும் சில நூறு மீட்டர்தான் இருந்துச்சு, அலை மொத்த ரயிலையும் மூழ்கடிச்சிருச்சு. அதுல பயணிங்க 110 பேரும் ரயில்வே ஊழியர் 5 பேரும் இருந்தாங்கன்னு கணக்கு, ஒருத்தர் கூட பிழைக்கல. ஊர், பக்கத்து இடம் எல்லாம் சேத்து 1800 பேருக்கு மேல செத்திருக்கலாம்னு சொல்றாங்க. பாம்பன் பாலத்துல மட்டும் தண்டவாளத்தத் தாங்குற 145 கர்டர்ல 126 கடல்ல போயிருச்சு. பாலத்த 46 நாள்ல சரி பண்ணிட்டாங்க, ரயில்வே இன்ஜினியர் இ. ஸ்ரீதரன் பொறுப்புல நடந்த வேலை அது, ஆனா தண்டவாளம் அதுக்கப்புறம் தனுஷ்கோடிக்கு வரவே இல்ல, ராமேஸ்வரத்தோட நின்னுருச்சு. அரசாங்கமும் இந்த ஊரு மனுஷன் குடியிருக்கத் தகுதியில்லாத இடம்னு அறிவிச்சிருச்சு.

இவ்வளவு தெரிஞ்சா போதும். மிச்சத்த அந்த சுவரே சொல்லும்.

எப்ப போறது

ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் நல்ல நேரம். வெயில் இருக்கும் ஆனா தாங்கலாம், கடலும் ஓரளவு அமைதியா இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தா போற வழியில கோதண்டராமர் கோயில் பக்கத்துல தண்ணி தேங்கி நிக்கிற இடத்துல பூநாரைக் கூட்டமும் பாக்கலாம். ஏப்ரல் மே மாசம் வேண்டாம், அங்க ஒதுங்க ஒரு மரநிழல் கிடைக்காது. அதுக்கப்புறம் கச்சான் காத்து ஆரம்பிச்சுடும், தென்மேற்குல இருந்து அடிக்கிற காத்து, மணல வாரி மூஞ்சியில எறியும், கேமரா லென்ஸ் கெட்டுப்போனவங்க நிறைய பேர். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, வாடைக்காத்து, புயல் எச்சரிக்கை வந்தா போலீஸ்காரங்க ரோட்டையே மூடிருவாங்க, அப்ப ராமேஸ்வரம் வரைக்கும் வந்துட்டு ரூம்ல உக்காந்திருக்க வேண்டியதுதான். கண்டிப்பா அந்த மாசத்துலதான் லீவு கிடைக்கும்னா கூட ஒரு நாள் எக்ஸ்ட்ரா வச்சுக்கிட்டு வாங்க.

ஒரு நாள்ல எந்த நேரம்னு கேட்டா, விடியக்காலை. இத நான் அடிச்சு சொல்லுவேன். இருட்டுனப்புறம் உள்ள இருக்க விடமாட்டாங்க, செக்போஸ்ட் காலையில திறந்து சாயங்காலம் மூடிருவாங்க, நேரம் அப்பப்போ மாறுறதால முந்தின நாளே நீங்க தங்குற லாட்ஜ்ல கேட்டு வச்சுக்கோங்க. திறந்த உடனே உள்ள போற முதல் கூட்டத்துல நீங்க இருக்கணும். பத்து மணிக்கு மேல டூரிஸ்ட் வேன் வரிசையா வந்து நிக்க ஆரம்பிச்சா அந்த இடம் சந்தைக்கடை ஆயிடும், வெயிலும் ஏறிடும். சனி ஞாயிறு, அமாவாசை, தொடர் விடுமுறை இதெல்லாம் தவிர்க்க முடிஞ்சா தவிருங்க, ஆடி அமாவாசை தை அமாவாசைக்கு ராமேஸ்வரமே நிரம்பி வழியும்.

எப்படி போறது

ராமேஸ்வரம் வரைக்கும் ட்ரெயின் இருக்கு. 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயில் போறத நிறுத்துனதுல இருந்து ரெண்டு வருஷத்துக்கு மேல மண்டபம், ராமநாதபுரத்தோட இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்துச்சு, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்தப்புறம் மறுபடி ராமேஸ்வரம் ஸ்டேஷன் வரைக்கும் போகுது. ஃப்ளைட்ல வர்றவங்களுக்கு மதுரைதான் பக்கம், அங்க இருந்து பஸ்ஸும் ட்ரெயினும் உண்டு, கார்ல வந்தா மூணு மூணரை மணி நேரம் ஆகும்னு வச்சுக்கோங்க.

ராமேஸ்வரத்துல இருந்து தனுஷ்கோடி சுமார் இருபது கிலோமீட்டர். மூணு வழி இருக்கு. ஒண்ணு டவுன் பஸ், பஸ் ஸ்டாண்டுல இருந்து கிளம்பும், சீப், ஆனா முதல் பஸ் எத்தனை மணிக்குன்னு முந்தின நாள் விசாரிச்சுக்கோங்க. ரெண்டாவது ஆட்டோ. ஆட்டோல போறீங்கன்னா பேரம் பேசும்போது காசு மட்டும் பேசாதீங்க, நேரத்தையும் பேசுங்க. "அண்ணே, பழைய சர்ச்ல மட்டும் ஒரு மணி நேரம் நிப்போம், அதுக்கப்புறம் ஸ்டேஷன், அதுக்கப்புறம்தான் முனை, வெயிட்டிங்கோட மொத்தமா எவ்வளவு"ன்னு ஏறுறதுக்கு முன்னாடியே தெளிவா கேட்டுருங்க. இத சொல்லாம ஏறினா நான் பட்டதுதான் உங்களுக்கும், ஹாரன் சத்தத்துலயே பாதி சர்ச் போயிடும். மூணாவது சொந்த வண்டி, இல்ல வாடகை பைக். பைக்ல போறது நல்ல அனுபவம்தான், முகுந்தராயர் சத்திரம் தாண்டுனதும் ரெண்டு பக்கமும் கடல் தெரியும், ஆனா பக்கவாட்டுக் காத்து வண்டியத் தள்ளும், ரோட்டுல மணல் படிஞ்சு கிடக்கும், பிரேக் போட்டா வழுக்கும். மெதுவா போங்க. பெட்ரோல் ராமேஸ்வரத்துலயே ஃபுல் பண்ணிக்கோங்க, அங்க பங்க் கிடையாது, ஏடிஎம் கிடையாது, ராத்திரி தங்க லாட்ஜும் கிடையாது.

இந்த ரோடு 2017 ஜூலையில திறந்தது. முகுந்தராயர் சத்திரத்துல இருந்து பழைய தனுஷ்கோடி அஞ்சு கிலோமீட்டர், அங்க இருந்து அரிச்சல்முனை நாலரை. அதாவது சர்ச் வழியில நடுவுல வருது, கடைசியில இல்ல. இதுதான் எல்லாரும் பண்ற தப்பு, நேரா முனைக்குப் போயிட்டு திரும்பும்போது பாத்துக்கலாம்னு விட்டுடுவாங்க, திரும்பும்போது உச்சி வெயில், குழந்தைங்க அழும், தண்ணி தீர்ந்திருக்கும், அப்ப யாருக்கு சுவர் பாக்க மனசு வரும். போகும்போதே இறங்கிருங்க.

எடுத்துட்டுப் போக வேண்டியது அதிகமில்ல. ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி இல்லனா குடை, குடைய காத்து திருப்பிடும் அதனால தொப்பியே மேல். காலுக்கு செருப்பு வேண்டாம், அடி கனமான ஷூவோ சாண்டலோ போடுங்க, மணல்ல உடைஞ்ச சிப்பியும் கருவேல முள்ளும் கிடக்கும். சில்லறை காசு வச்சுக்கோங்க, சிக்னல் நம்ப முடியாது, யூபிஐ எப்ப வேலை செய்யும்னு சொல்ல முடியாது. ஃபோன்ல ரோமிங் ஆஃப் பண்ணிருங்க, சில சமயம் இலங்கை டவர் பிடிச்சு வரவேற்பு மெசேஜ் வந்துடும். ட்ரோன் கொண்டுபோகாதீங்க, எல்லைக் கடல், நேவியும் கோஸ்ட் கார்டும் எந்நேரமும் கண்காணிக்கிற இடம்.

இப்ப சர்ச்சுக்குள்ள

ரோட்டுல இருந்தே தெரியும், தேட வேண்டியதில்ல. சுத்தி சங்கு சிப்பி மாலை விக்கிற ஓலைக்கடை இருக்கும், விடியக்காலையில அதுங்க இன்னும் திறந்திருக்காது. முதல்ல உள்ள போயிடாதீங்க. வெளியில ஒரு சுத்து சுத்தி வாங்க, கொஞ்சம் தள்ளி நின்னு. அப்பத்தான் கட்டடத்தோட அளவு பிடிபடும், நீளவாக்குல ஒரு ஹால், சுவர்ல வாசலும் ஜன்னலும் இருந்த திறப்பு, ஒரு முனையில பீடம் இருந்த இடம், மேல வானம். எந்த சுவர் சாஞ்சிருக்கு, எங்க விரிசல் விட்டிருக்குன்னும் இப்பவே பாத்து வச்சுக்கோங்க, உள்ள போனப்புறம் அந்தப் பக்கம் ஒட்டி நிக்காம இருக்கலாம்.

உள்ள போனதும் எல்லாரும் பீடத்துப் பக்கம் போய் கேமராவத் தூக்குவாங்க. நீங்க பக்கச் சுவருக்குப் போங்க. ஒரு முழம் தள்ளி நின்னு ஒரே ஒரு கல்ல மட்டும் பாருங்க. அது சாதாரண பாறை இல்ல, செங்கல்லும் இல்ல. அது பவளக்கல். கடலுக்குள்ள இருந்து எடுத்த பவளப்பாறைய வெட்டி அடுக்கியிருக்காங்க. கிட்டப் பாத்தா ஒரு கல்லுல ஊசியால குத்துன மாதிரி நெருக்கமா சின்னச் சின்ன நட்சத்திரக் குழி இருக்கும், பக்கத்துக் கல்லுல மூளை மடிப்பு மாதிரி கோடு வளைஞ்சு வளைஞ்சு ஓடும், இன்னொண்ணுல தேன்கூடு மாதிரி. அந்தக் குழி ஒவ்வொண்ணும் ஒரு பவள உயிரோட வீடு. ஒரு உயிர் சுண்ணாம்ப சுரந்து தனக்கு ஒரு குழி கட்டிக்கும், அதுக்கு மேல அடுத்தது, அப்படி எத்தனையோ வருஷம் கட்டுனத மனுஷன் எடுத்து ஒரு கோயில் கட்டியிருக்கான். காலை வெயில் சாய்வா விழும்போது அந்தக் குழிகள்ல நிழல் நிக்கும், கோடு எல்லாம் எடுப்பா தெரியும். உச்சி வெயில்ல போனா இது எதுவும் தெரியாது, எல்லாம் ஒரே வெளுத்த சாம்பல் நிறமாத்தான் இருக்கும். விடியக்காலைன்னு நான் அவ்வளவு அழுத்தி சொன்னதுக்கு பெரிய காரணம் இதுதான்.

ஏன் பவளக்கல்? யோசிச்சுப் பாருங்க, இது பூரா மணல்திட்டு, மலை கிடையாது, கல் குவாரி கிடையாது, கருங்கல் வேணும்னா கடல் தாண்டித்தான் கொண்டு வரணும். பக்கத்துலயே மன்னார் வளைகுடா நிறைய பவளப்பாறை. எடுக்கும்போது ஈரத்துல ஓரளவு சுலபமா வெட்டலாம், எடையும் கருங்கல்லவிட கம்மி. இணைக்கிறதுக்கு சுண்ணாம்பு, கடலோரத்துல அந்தக் காலத்துல கிளிஞ்சலையும் பவளத்தையும் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தாங்க. ஆக கல்லும் கடல், பூச்சும் கடல்.

பவளக்கல்லுல இருக்கிற அந்தக் குழியும் துளையும்தான் இப்ப அந்த சுவருக்கு எமன். உப்புக்காத்தும் உப்புத்தண்ணியும் துளை வழியா உள்ள போகும், வெயில்ல தண்ணி ஆவியாயிடும், உப்பு மட்டும் உள்ளயே படிகமா வளரும், வளரும்போது கல்ல உள்ளருந்து தள்ளும். சுவரோட அடியில பாருங்க, சில கல் பொடிப்பொடியா உதிர்ந்து குழிஞ்சு போயிருக்கும், கீழ மணலோட வெள்ளைத் தூளா கலந்து கிடக்கும். தொட்டா கையில மாவு மாதிரி ஒட்டும். ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு விட்டுருங்க, தட்டாதீங்க, சாயாதீங்க, நிச்சயமா மேல ஏறாதீங்க. நான் முதல் தடவ எடுத்த போட்டோவையும் கடைசியா எடுத்த போட்டோவையும் பக்கத்துல வச்சுப் பாத்தா சுவரோட மேல் விளிம்பு ஒரே மாதிரி இல்ல, சில கல்லு இப்ப இல்லவே இல்ல. கல்யாண ஷூட்டிங்குக்கு வர்றவங்க ஜன்னல் திட்டுல ஏறி நின்னு போஸ் குடுக்குறத பாத்திருக்கேன், பாக்கும்போது வயிறு கலங்கும், சுவருக்கும் நல்லதில்ல அவங்களுக்கும் நல்லதில்ல.

அப்புறம் பீடத்துப் பக்கம் போங்க. அங்க ஒரு அஞ்சு நிமிஷம் பேசாம நில்லுங்க. தரை பூரா மணல்தான். ஒரு தடவ நான் அங்க நிக்கும்போது ஒரு பெரியவர் வெளிய உக்காந்து வலை முடிஞ்சிட்டு இருந்தாரு, எழுபதத் தாண்டியிருப்பாரு, பேச்சுக் குடுத்தேன். "ஐயா, நீங்க இங்கதான் பொறந்தீங்களா"ன்னு கேட்டேன். "ஆமா தம்பி, இந்தா, இந்த எடத்துலதான் எங்க ஆத்தா முழங்கால் போட்டு நிக்கும், நான் அது சேலையப் புடிச்சிக்கிட்டு நிப்பேன்"னு சொல்லி ஒரு இடத்தக் கை காட்டுனாரு. நடு மணல். அங்க ஒரு அடையாளமும் இல்ல, ஆனா அவரு கை கொஞ்சம் கூட அசையல, சரியா அந்த இடத்த காட்டுச்சு. அதுக்கப்புறம் நான் அந்த இடத்த மிதிக்காம சுத்தித்தான் நடந்தேன், இன்னைக்கு போனாலும் அப்படித்தான் நடப்பேன்.

அதனால ஒரு சின்ன மரியாதை. பலகையில எழுதியிருந்தாலும் இல்லாட்டியும் அது ஒரு கோயில். இந்தப் பக்கத்து கிறிஸ்தவ மீனவங்களும் சர்ச்ச கோயில்னுதான் சொல்லுவாங்க. உள்ள சத்தமா பாட்டுப் போடாதீங்க, சிகரெட், பாட்டில் எல்லாம் வேண்டாம், சுவர்ல பேரு கிறுக்காதீங்க. ஏற்கனவே ஆணியால கிறுக்கி வச்ச பேரும் ஆர்ட்டினும் நிறைய இருக்கு, பவளக்கல்லுல கீறினா கீறினதுதான், அத யாரும் அழிச்சுக் குடுக்க முடியாது. யாராவது கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு இருந்தா அவங்க முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் கேமராவ திருப்பாதீங்க.

போட்டோ எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு மட்டும். முழு கட்டடத்தையும் ஒரே ஃப்ரேம்ல அடக்கணும்னு பாடுபடாதீங்க, ஜன்னல் திறப்பு வழியா வெளிய தெரியுறத எடுங்க, சுவரோட தடிமன் தெரியுற மாதிரி. கல்லோட க்ளோசப் ஒண்ணு கண்டிப்பா எடுங்க, வீட்டுக்கு வந்து பெருசாக்கிப் பாத்தா கண்ணுல படாத குழியெல்லாம் அதுல தெரியும்.

சர்ச் பாத்த பிறகு நடக்க வேண்டிய தூரம்

வண்டியில ஏறிடாதீங்க, இன்னும் முடியல. சர்ச்ச சுத்தி அங்கங்க மத்த இடிபாடு இருக்கு. ரயில்வே ஸ்டேஷன் இருந்த இடம், தண்ணித் தொட்டி, போஸ்ட் ஆபீஸ்னு சொல்ற சுவர், பள்ளிக்கூடம்னு சொல்ற சுவர். எது எதுன்னு உறுதியா சொல்ல அங்க கடை வச்சிருக்கிற அக்காக்கள்தான் சரியான ஆளு, கேட்டா சந்தோஷமா காட்டுவாங்க, ஒரு டீயோ இளநீரோ வாங்கிக்கிட்டுக் கேளுங்க. ஸ்டேஷன் பக்கம் நிக்கும்போது மேற்க, ராமேஸ்வரம் பக்கம் திரும்பிப் பாருங்க. அந்த 653 பாசஞ்சர் வந்த திசை அது. அங்க இருந்து திரும்பி சர்ச்சப் பாத்தா எவ்வளவு பக்கம்னு தெரியும், ரயில்ல வந்தவங்க இன்னும் கொஞ்ச நேரத்துல ஊருக்குள்ள இறங்கியிருப்பாங்க. எங்கம்மாவ ஒரு தடவ கூட்டிட்டுப் போனேன், அவங்க சர்ச்ல ஒண்ணும் சொல்லல, இங்க வந்து நின்னப்புறம்தான் "கிறிஸ்மஸுக்கு மூணு நாள்தானடா இருந்துச்சு"ன்னு சொன்னாங்க. அதுவரைக்கும் அந்தத் தேதிய நான் அப்படி யோசிச்சதே இல்ல. சர்ச்ல குடில் கட்டிட்டு இருந்திருப்பாங்க, ரயில்ல பண்டிகைக்கு வந்தவங்களும் இருந்திருக்கலாம்.

இன்னும் அங்க மக்கள் வாழ்றாங்க, இத மறந்துடாதீங்க. அரசாங்கம் வாழத் தகுதியில்லன்னு சொன்னாலும் மீன் இங்கதான் இருக்குன்னு மீனவக் குடும்பங்க ஓலைக் குடிசை போட்டு இருக்காங்க. குடிக்கத் தண்ணி, ரெண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்கிற இந்த மணல்ல, சின்னதா ஒரு குழி தோண்டினா நல்ல தண்ணி ஊறும், மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்து நிக்குது, ஆழமா தோண்டினா உப்பாயிடும். அந்த ஊத்துக்கிட்ட போனா கை காலு கழுவாதீங்க, அது அவங்க குடிக்கிற தண்ணி. காலையில அதிர்ஷ்டம் இருந்தா கரைவலை இழுக்கிறத பாக்கலாம், ரெண்டு வரிசையா ஆளுங்க கயிறப் புடிச்சுப் பின்னால நடந்து நடந்து இழுப்பாங்க, வலை கரைக்கு வர ரொம்ப நேரம் எடுக்கும். வீட்டுக்குள்ள எட்டிப் பாத்து போட்டோ எடுக்கிறது, குழந்தைங்கள நிறுத்தி எடுக்கிறது இதெல்லாம் கேக்காம பண்ணாதீங்க.

பசிச்சா அங்கயே மீன் சாப்பிடுங்க. காலையில பிடிச்ச மீன மிளகாய்ப்பொடி தடவி பொரிச்சுக் குடுப்பாங்க, விலைய முன்னாடியே கேட்டுக்கிட்டா போதும்.

அரிச்சல்முனை

இத சுருக்கமாவே சொல்றேன், எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். ரோடு ஒரு வட்டமா முடியும், நடுவுல சிங்கத்தலை தூண் நிக்கும். ஒரு பக்கம் அமைதியா இருக்கிற கடல பெண் கடல்னும் இன்னொரு பக்கம் கொந்தளிக்கிற கடல ஆண் கடல்னும் சொல்லுவாங்க, ரெண்டும் முட்டுற இடம். ராமர் பாலம் இங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு நம்பிக்கை, காசிக்குப் போனவங்க சேதுவுல குளிச்சாத்தான் யாத்திரை முடியும்னும் வழக்கம் இருக்கு. ஆனா முனையில இறங்கிக் குளிக்காதீங்க, நீச்சல் தெரிஞ்சாலும் வேண்டாம், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும்னு சொல்ல முடியாது, அடியில மணல் திடீர்னு ஆழமாயிடும். சடங்குக்காக குளிக்கணும்னா ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் பாதுகாப்பு. திரும்பும்போது கோதண்டராமர் கோயில்ல நிறுத்துங்க, விபீஷணன் அடைக்கலம் ஆன இடம்னு சொல்லுவாங்க, அந்தப் புயல்ல நிலைச்சு நின்ன கோயில் அது.

வாங்கலாமா வேண்டாமான்னு ஒரு விஷயம்

கடையில சங்கு, சிப்பி மாலை, கிளிஞ்சல் கண்ணாடி எல்லாம் விப்பாங்க, சிப்பி மாலை, கிளிஞ்சல் ஃப்ரேம் மாதிரி சாதாரண பொருள் வாங்குங்க, அந்தக் குடும்பங்களுக்கு அது வருமானம். பவளம் மட்டும் வாங்காதீங்க, யாராவது ரகசியமா காட்டினாலும் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 2001ல இருந்து பவளத்துக்கு முதல் அட்டவணை பாதுகாப்பு குடுத்தாங்க, புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம், பையில வச்சிருந்தாலே கேஸ் ஆகும். மன்னார் வளைகுடா 1986ல இருந்து கடல்சார் தேசியப் பூங்கா. இதச் சொல்ற காரணம், சர்ச் சுவர்ல இருந்து விழுந்து கிடக்கிற சின்னத் துண்ட ஞாபகார்த்தமா எடுத்துட்டுப் போலாம்னு நிறைய பேருக்குத் தோணும். எங்க கூட வந்த ஒரு பையன், பத்து வயசு இருக்கும், உள்ளங்கை அளவுல ஒரு துண்ட எடுத்து பாக்கெட்ல போட்டுட்டான். அவங்க அம்மா திட்டல, அவன சுவர்கிட்ட கூட்டிட்டுப் போய் "இது எந்த ஓட்டையில இருந்து விழுந்துச்சு கண்டுபிடி"ன்னாங்க. அவன் அரைமணி நேரம் தேடினான். கிடைக்கல, ஆனா அன்னைக்கு அந்த சுவர அவன் பாத்த மாதிரி யாரும் பாத்திருக்க மாட்டாங்க. கடைசியில சுவரோரமா மணல்ல வச்சுட்டு வந்தான். குழந்தைங்கள கூட்டிட்டுப் போறவங்க இத முயற்சி பண்ணிப் பாருங்க.

திரும்புறது

பஸ்ல வந்தவங்க திரும்புற பஸ் நேரத்த இறங்கும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுருங்க, கூட்டமான நாள்ல முனையிலயே நிரம்பி வந்துடும், சர்ச் ஸ்டாப்ல நின்னா ஏற இடம் இருக்காது. அப்படி ஆச்சுன்னா ஷேர் ஆட்டோவோ வேனோ கேட்டுப் பாருங்க. குப்பை, தண்ணி பாட்டில் எல்லாத்தையும் பையில போட்டு ராமேஸ்வரத்துல வந்து போடுங்க, அங்க போட்டா காத்து நேரா கடலுக்குத்தான் கொண்டுபோகும். சாயங்காலம் தங்கி சூரியன் மறையுறத பாக்கணும்னு ஆசைப்பட்டா பாம்பன் ரோட்டுப் பாலத்துக்கு வந்துருங்க, தனுஷ்கோடியில இருந்து வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிடணும். ரூமுக்கு வந்ததும் ஷூவ உதறுங்க, கேமராவயும் ஃபோனயும் லேசா ஈரத்துணியால துடைச்சு அப்புறம் காஞ்ச துணியால துடைங்க, அந்த உப்பு ஒரு ராத்திரி இருந்தாலும் வேலையக் காட்டிடும்.